மலையூரில் விளக்கு பூசை: எல்லாப் பெண்களும் உட்கார

விளக்கு பூசை நோட்டீஸில் ‘சுமங்கலிப் பெண்கள் கலந்துகொண்டு’ என்று ஒரு வரி இருக்கும். யாரும் யோசித்து எழுதியதில்லை. போன வருட நோட்டீஸைப் பார்த்து அப்படியே அடித்தது. ஆனால் கணவனை இழந்தவர், கணவன் விட்டுப் போனவர், கல்யாணமே வேண்டாமென்று இருப்பவர் எல்லோரையும் அந்த ஒரு சொல் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. கொடைக்கானல் மலையில் பூம்பாறை, மன்னவனூர், பண்ணைக்காடு பக்கம் மகளிர் குழுவாகப் பூசை நடத்த நினைப்பவர்கள் முதலில் அதைத்தான் எடுக்க வேண்டும். ‘பெண்கள் அனைவரும்’ என்று போட்டால் போதும். ‘விதவைகளும் வரலாம்’ என்று தனி வரி வேண்டாம். அது அவர்களை மறுபடி வேறு வரிசையில் நிறுத்தும். ‘சுத்தமாக வரவும்’ என்பதையும் அடித்துவிடுங்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

இனி வரும் கணக்கு 50 பேருக்கு.

வீட்டிலிருந்து குத்துவிளக்கு கொண்டுவரச் சொல்லாதீர்கள். இரண்டடிப் பித்தளை விளக்கு முன்வரிசைக்கும் அரையடி விளக்கு பின்வரிசைக்கும் தானாகப் போய்விடும். வசதியும் சாதியும் உட்காரும் இடத்திலேயே தெரிந்துவிடும். எல்லோருக்கும் ஒரே அளவு மண் அகல். உடைவதற்கும் சேர்த்து 60 வாங்குங்கள். புது அகலை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட வேண்டும், இல்லாவிட்டால் மண் எண்ணெயைக் குடிக்கும். கீழே ஊரில் அரை நாளில் காய்ந்துவிடும். மூடுபனியில் இரண்டு நாள் பிடிக்கும். ஆகவே மூன்று நாள் முன்னதாகவே ஊறப்போடுங்கள். ஈரம் மிச்சமிருந்தால் திரி படபடவென்று பொரிந்து அணையும்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். மார்கழிக் குளிரில் சூடாக்கி ஊற்றினாலும் சுடருக்குத் தள்ளி ஓரத்தில் கட்டியாகி, திரிக்கு எண்ணெய் ஏறாது. நெய்யும் அப்படித்தான். நல்லெண்ணெய் இரண்டரை லிட்டர் வாங்குங்கள்: அகலுக்கு 40 மில்லி, மீதி இடையில் விட. ஒரு சுடர் மணிக்குப் பத்துப் பதினைந்து மில்லிதான் எரிக்கும், ஆனால் மட்டம் இறங்கினால் திரி கருகும். அதனால் நிறைத்தே வைக்க வேண்டும்.

குளிருக்குப் பயந்து மண்டபத்தை முழுக்க மூடிவிடுவார்கள். 50 சுடரும் சாம்பிராணிப் புகையும் சேர்ந்தால் அரை மணி நேரத்தில் தலை சுற்றும். காற்றடிக்காத பக்கம் ஒரு ஜன்னல் திறந்தே இருக்கட்டும், சாம்பிராணியைக் கடைசியில் போடுங்கள். விளக்குக்கு விளக்கு இரண்டரை அடி. சால்வை முனையை இடுப்பில் செருகச் சொல்லுங்கள். ஸ்வெட்டரும் நைலான் சேலையும் சட்டென்று பற்றும். நனைத்த சாக்கு இரண்டு கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

யார் எங்கே உட்காருவது என்பதற்குச் சீட்டு. 1 முதல் 50 வரை எழுதிக் குலுக்கி, வாசலில் எடுக்கச் சொல்லுங்கள். தலைவர் சம்சாரமும் பூண்டு உரிக்கப் போகிறவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேறு வழி இல்லை.

கணவனை இழந்தவர்களைக் கூப்பிடும் விதம்தான் இதில் கடினமானது. நோட்டீஸ் கொடுத்தால் வரமாட்டார்கள். ஒரு வாரம் முன்பே இரண்டு பேர் நேரில் போங்கள், ஒருவர் அவருக்குத் தோழியாக இருக்கட்டும். ‘நீங்களும் வரலாமே’ என்பது தர்மம் போடுவது போல. ‘உங்களுக்கும் ஒரு விளக்கு வெச்சிருக்கோம்க்கா, முதல் நாள் பூத் தொடுக்கவும் ஆள் வேணும்’ என்று கூப்பிட்டால் வருவதற்கு ஒரு காரணம் கையில் கிடைக்கும். வந்தவரை முதல் விளக்கு ஏற்றச் சொல்லி மேடைக்கு இழுக்காதீர்கள். மறுவாரம் யார் வீட்டிலாவது குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் பழி அவர் தலையில் விழும். ஐந்து முகப் பெரிய விளக்கை, வயது வாரியாகச் சீட்டில் வந்த ஐந்து பேர் சேர்ந்து ஏற்றட்டும்.

வீட்டுக்கு விலக்கானவர்களைப் பற்றி ஒரே விதி: யாரையும் கேட்கக் கூடாது. ஒதுங்க விரும்புகிறவர் ஒதுங்கட்டும். அது அவர் இஷ்டம், குழுவின் சட்டம் அல்ல. எதிர்ப்பு பெரும்பாலும் வயதான பெண்களிடமிருந்துதான் வரும். அவர்களோடு விவாதம் செய்து பயனில்லை. மேல்மருவத்தூரில் அந்த நாட்களிலும் பெண்களுக்குத் தடை இல்லை, கருவறை வரை பெண்களே பூசை செய்கிறார்கள். செவ்வாடை கட்டிப் போய்வந்த ஒருவரைப் பேசவிடுங்கள். அந்த ரத்தத்தில்தானே உடம்பே உருவானது என்று சிவவாக்கியர் எப்போதோ கேட்டுவிட்டார்.

பூசாரி சங்கல்பத்துக்கு ‘வீட்டுக்காரர் பேர், கோத்திரம்’ என்று ஆரம்பிப்பார். முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: ஒவ்வொருவரும் தன் பெயரைத் தானே சொல்வார், நட்சத்திரம் தெரிந்தால் அதையும். வேண்டுதல் மனசுக்குள். மாங்கல்ய பலம் வேண்டுகிறவர் வேண்டட்டும், கடன் அடையவோ முழங்கால் வலி போகவோ வேண்டுகிறவர் அதை வேண்டட்டும். பூசாரி மறுத்தால் பூசையைப் பெண்களே நடத்தலாம். 2023-ல் ஸ்ரீரங்கம் அர்ச்சகர் பயிற்சிப் பள்ளியிலேயே மூன்று பெண்கள் பயிற்சி முடித்து வந்திருக்கிறார்கள். ‘கோயில் காரியம் பொம்பளைக்கு எதுக்கு’ என்பவருக்கு, கொடைக்கானல் குறிஞ்சி ஆண்டவர் கோயிலை 1936-ல் கட்டியது லீலாவதி ராமநாதன் என்ற பெண்மணி என்பதை நினைவூட்டலாம். கணவனை இழந்தவரைக் கோயிலுக்குள் விடாமல் தடுத்தால், நம்பியூர் வழக்கில் 2023 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றம் அப்படித் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை என்று சொன்னதை நிர்வாகிகளிடம் சொல்லுங்கள். முதல் பேச்சிலேயே கோர்ட்டை இழுத்தால் மட்டும் காரியம் கெடும்.

படிப்பதற்குப் பெண்கள் பாடியதே இருக்கிறது. ஔவையாரின் விநாயகர் அகவல், 72 அடி, பத்து நிமிடம். மார்கழியானால் ஆண்டாளின் திருப்பாவை முப்பதும். காரைக்கால் அம்மையாரின் அற்புதத் திருவந்தாதி 101 வெண்பா. முழுதும் முடியாது, பத்து எடுங்கள். அந்தாதி குழுவுக்கென்றே அமைந்தது: ஒரு பாட்டு முடிந்த சொல்லில் அடுத்தது தொடங்கும். ஒருவர் முடிக்க, பக்கத்தில் இருப்பவர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்வார். எழுத்து தெரியாதவரோடு இரண்டு நாள் முன்பே ஒரு பாட்டைச் சொல்லிப் பழகினால் போதும். 108 போற்றியைப் பென்சிலோடு ஒருமுறை பார்த்து, ‘சுமங்கலி’ வரும் வரிகளை மாற்றிவையுங்கள்.

அர்ச்சனைக்குக் குங்குமம் வேண்டாம், உதிரிச் சாமந்தி. ஆளுக்கு நூறு கிராம், மொத்தம் ஐந்து கிலோ. நிலக்கோட்டை சந்தையில் வாங்கி ஈரத்துணியில் சுற்றி ஏற்றுங்கள். கவரில் கட்டினால் வியர்த்துக் கறுக்கும்.

எல்லாம் சரியாக நடந்து தாம்பூலத்தில் கெட்டுப்போவதுதான் வழக்கம். குங்குமச் சிமிழோடு வரிசையாக வருகிற கை, ஒருவர் முன்னால் ஒரு நொடி தயங்கித் தாண்டும். அந்த ஒரு நொடியை அவர் வருடக்கணக்காக மறக்கமாட்டார். ஆகவே யாரும் யாருக்கும் வைத்துவிட வேண்டாம். மஞ்சளும் குங்குமமும் திருநீறும் வாசலில் மூன்று கிண்ணத்தில் இருக்கட்டும். வேண்டியதை அவரவர் எடுத்துக்கொள்ளட்டும். கணவனை இழந்தவர் குங்குமம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பார்க்காதீர்கள், பாராட்டவும் செய்யாதீர்கள். மஞ்சள் பையில் முன்கூட்டியே ஒரே மாதிரி கட்டிவையுங்கள்: வெற்றிலை இரண்டு, பாக்கு ஒன்று, மலைவாழைப்பழம் இரண்டு, ஒரு முழம் பூ. தாலிக்கயிறும் வளையலும் அதில் வேண்டாம்.

சர்க்கரைப் பொங்கலுக்குப் பச்சரிசி ஒன்றரை கிலோ, பாசிப்பருப்பு 375 கிராம், வெல்லம் இரண்டே முக்கால் கிலோ, நெய் அரை கிலோ. கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அரிசி வேகக் கூடுதல் நேரமும் தண்ணீரும் வேண்டும். நசுக்கிப் பார்த்து மசிந்த பிறகே வெல்லம் போடுங்கள், போட்டபின் அரிசி வேகாது. கிண்டுவது ஆண்கள். நோட்டீஸிலேயே ‘சமையல்: ஊர் இளைஞர்கள்’ என்று போட்டுவிட்டால் நழுவ முடியாது.

ஞாயிறு மூன்று மணிக்குத் தொடங்கினால் ஐந்துக்கு முடிந்துவிடும். தோட்ட வேலைக்காரர்களும் வர முடியும், பனி இறங்குமுன் வீடு சேரலாம். வரவு செலவு நோட்டை அன்றே படித்துக் காட்டி, அடுத்த மாதத்துக்குச் சீட்டில் வந்தவர் கையில் கொடுங்கள். அண்டா கழுவுவதும் கிண்டியவர்கள் வேலைதான். ஆறி இறுகிய வெல்லப்பாகு வெந்நீர் ஊற்றாமல் விடாது.