நண்பர்களோடு பிராக் நகரம்: செய்யக் கூடாத தவறுகள்

நண்பர்களோடு செக் நாட்டுத் தலைநகர் பிராகுக்குப் போகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, காலை முதல் இரவு வரை ஒட்டிக்கொண்டே திரிவது. ஒருவர் காபிக்கு நிற்பார், இன்னொருவர் படம் எடுக்க நிற்பார், மற்றவர்கள் காத்திருப்பார்கள். நாங்கள் நான்கு பேர் போனபோது முதல் நாள் அப்படியே கரைந்தது. மறுநாள் சேரும் இடத்தையும் நேரத்தையும் மட்டும் பேசிவைத்துப் பிரிந்தோம். இரவுச் சாப்பாட்டில் ஆளுக்கொரு கதை இருந்தது.

சேரும் இடமாகப் பழைய நகரச் சதுக்கத்தில் இருக்கும் சமயச் சீர்திருத்தவாதி யான் ஹுஸின் சிலையை வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்திலுள்ள வானியல் கடிகாரம் வேண்டாம், மணிக்கு மணி அங்கே கூட்டம் நெரியும். 1410-இல் உருவான கடிகாரம் அது. எலும்புக்கூடு பொம்மை கயிற்றை இழுக்கும், மேலே இரண்டு சன்னல்களில் இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலர்கள் ஒவ்வொருவராக முகம் காட்டுவார்கள், கடைசியில் சேவல் கூவும். அவ்வளவுதான், கூட்டம் கலைந்துவிடும். அவர்களோடு நீங்களும் கிளம்பிவிடாதீர்கள். அப்புறம்தான் கிட்டே போய் நிதானமாகப் பார்க்க முடியும். வெளிவளையத்துப் பொன்னிற எண்கள், சூரிய அஸ்தமனத்திலிருந்து நாளை எண்ணும் பழைய போஹீமிய (செக் நாட்டு) நேரத்தைக் காட்டுகின்றன.

சார்லஸ் பாலத்துக்கு மட்டும் எல்லோரும் சேர்ந்தே போங்கள், அதுவும் விடியும் முன்னால். 1357-இல் கட்டத் தொடங்கிய பாலம், 30 சிலைகள். பகலில் போனால் முன்னால் போகிறவரின் முதுகைத்தான் பார்ப்பீர்கள். விடியலில் வல்தாவா நதியின் சத்தமே கேட்கும். 1393-இல் அதே நதியில் வீசப்பட்ட புனித யான் நெபோமுக்கின் சிலைக்கடியில், கைபட்டுக் கைபட்டுப் பளபளக்கும் வெண்கலத் தகட்டையும் தொட்டுப் பார்க்கலாம்.

டிராமுக்கு முன்கூட்டியே காகித டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது. ஏறியதும் மஞ்சள் பெட்டியில் செருகி முத்திரை பதிக்க வேண்டும், இல்லையென்றால் அபராதம். கும்பலாக ஏறும்போது 'அவன் போட்டிருப்பான்' என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்வதுதான் ஆபத்து. ஆளுக்கு ஒரு டிக்கெட், அவரவர் கையில்.

பிராக் கோட்டைக்குக் கீழிருந்து படியேறி மூச்சு வாங்க வேண்டாம். 22-ஆம் எண் டிராமில் மேலே போய், இறங்கும்போது நடந்து வாருங்கள்.

பணம் மாற்றும் கடையில் 'கமிஷன் இல்லை' என்ற பலகையை நம்பாதீர்கள். கையில் எத்தனை கொருனா (செக் நாணயம்) வரும் என்று கேட்டுவிட்டுப் பிறகு நோட்டை நீட்டுங்கள்.