செயலியின் வெப்பமும் வேகமும்: சொந்தமாகப் பொருத்திய கணினியை ஓவர்கிளாக் செய்யும் முறை

செயலி வெளியிடும் வெப்பம் கடிகார வேகத்துக்கு ஏற்பக் கூடுகிறது. மின்னழுத்தத்தைப் பொறுத்தவரை அது வர்க்க விகிதத்தில் கூடுகிறது. வேகத்தை 10 சதவீதம் உயர்த்துவதற்காக மின்னழுத்தத்தை 1.20 வோல்ட்டிலிருந்து 1.35 வோல்ட்டுக்கு ஏற்றினால் வெப்பம் ஏறத்தாழ 39 சதவீதம் மிகுந்துவிடும். ஆகவே ஓவர்கிளாக்கிங்கில், அதாவது செயலியை அதற்கு வகுத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதில், கவனமாகச் செலவிட வேண்டியது மின்னழுத்தத்தைத்தான். எவ்வளவு செலவிடலாம் என்பதைத் தீர்மானிப்பது குளிர்விப்பு.

முதலில் உங்கள் பாகங்கள் இதற்கு இடம் தருகின்றனவா என்று பாருங்கள். இன்டெலில், பெயரின் இறுதியில் கே, கேஎஃப், கேஎஸ் ஆகிய எழுத்துகள் உள்ள செயலிகளும் இசட் வரிசை மதர்போர்டும் தேவை. ஏஎம்டி ரைசன் செயலிகள் பெரும்பாலும் பூட்டப்படாதவை. ஆனால் ஏ320, ஏ520 மதர்போர்டுகளில் செயலியை ஓவர்கிளாக் செய்ய முடியாது. ரைசன் 7 5800எக்ஸ்3டி போன்ற பூட்டப்பட்ட விதிவிலக்குகளும் உண்டு. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் செயலி வைத்திருப்பவர்கள், மிகை மின்னழுத்தக் கோளாறைத் தடுக்க 2024 ஆகஸ்ட் முதல் வெளிவந்த மைக்ரோகோடு (செயலியின் உள்கட்டளைகள்) திருத்தங்கள் அடங்கிய பயாஸை (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) நிறுவாமல் எதையும் தொடக் கூடாது. ஏற்கெனவே ஏற்பட்ட சேதத்தை அந்தத் திருத்தங்கள் சரிசெய்யாது. இனி நேரவிருப்பதைத் தடுக்க மட்டுமே அவை உதவும்.

கூலரைப் பொருத்தும்போது அடித்தகட்டில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டோமா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்ப்பது நல்லது. எத்தனையோ வெப்பப் புகார்களுக்கு அந்தத் தாளே காரணமாக இருந்திருக்கிறது. பழைய தெர்மல் பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, செயலி மூடியின் நடுவில் புதிய பேஸ்ட்டைச் சிறு துளியாக வைக்கவும். மூடி பெரிதாக இருந்தால் பெருக்கல் குறி வடிவில் இடலாம். மின்சாரத்தைக் கடத்தாத பேஸ்ட் சற்று மிகுந்தால் ஓரங்களில் பிதுங்கி வழியுமே தவிர வேறு கேடில்லை. குறைந்தால் மூடியின் மூலைகள் வெறுமையாக நின்றுவிடும். திரவ உலோகத்தைத் தொடக்கநிலையினர் தவிர்ப்பதே நல்லது. அது மின்சாரத்தைக் கடத்துவதோடு அலுமினியத்தையும் அரித்துவிடும். திருகுகளை ஒரே பக்கமாக இறுக்காமல், குறுக்காக எதிரெதிர் மூலைகளில் சில சுற்றுகளாக மாற்றி மாற்றி இறுக்கினால்தான் அழுத்தம் சமமாகப் பரவும்.

திரவக் கூலர் வைப்பவர்கள் பம்ப் அமைப்பின் உச்சியில் இருக்காதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும். ரேடியேட்டரின் மேல்விளிம்பாவது பம்பைவிட உயரத்தில் இருந்தால் உள்ளிருக்கும் காற்று அங்கே ஒதுங்கும். கேஸில் முன்புறம் காற்றை உள்ளிழுக்கவும், பின்புறமும் மேற்புறமும் வெளியேற்றவும் விசிறிகளை அமைக்கவும். செயலியின் வெப்பநிலை நொடிக்கு நொடி எகிறி இறங்கும் இயல்புடையது என்பதால், விசிறி வேகம் சில நொடிகள் தாமதித்து மாறும்படி பயாஸில் அமைத்தால் ஓயாத இரைச்சல் ஏற்ற இறக்கத்திலிருந்து தப்பலாம்.

எதையும் மாற்றுவதற்கு முன் இப்போதைய நிலையை அளந்து எழுதிவையுங்கள். அறை வெப்பநிலையையும் சேர்த்துக் குறிக்க வேண்டும். அறை 5 டிகிரி சூடேறினால் செயலியும் ஏறத்தாழ அதே அளவு சூடேறும். செயலியின் திறனை அளக்கும் சினிபெஞ்ச் மென்பொருளைப் 10 நிமிடம் ஓட்டி, மதிப்பெண், உச்ச வெப்பம், மின்செலவு ஆகிய மூன்றையும் பதிவு செய்யவும். ரைசன் 7000 வரிசையில் பல செயலிகள் முழுச்சுமையில் 95 டிகிரி செல்சியஸ் வரை ஏறும்படியே வடிவமைக்கப்பட்டவை. அந்த எண்ணைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. இன்டெலிலோ, மதர்போர்டே மின்வரம்பைச் சத்தமில்லாமல் நீக்கிவைத்திருக்கக்கூடும். கோர் ஐ9 13900கே செயலிக்கு இன்டெல் வகுத்த உச்ச அளவு 253 வாட். முதலில் அந்த வரம்பை மீட்டமைத்துவிட்டுப் பிறகு அளப்பதே முறை.

இப்போது வேகத்துக்கு வருவோம். 100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைக் கடிகாரத்தை அப்படியே விட்டுவிடுங்கள். பிற இணைப்புகளும் அதைச் சார்ந்திருக்கக்கூடும். பெருக்கியை மட்டும் மாற்ற வேண்டும்: பெருக்கி 50 என்றால் 5.0 கிகாஹெர்ட்ஸ். நினைவகத்தை (ராம்) கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பைத் தற்காலிகமாக அணைத்துவைத்தால், பிழை செயலியிலிருந்து வந்ததா ராமிலிருந்து வந்ததா என்ற குழப்பம் எழாது. மின்னழுத்தத்தைத் தானியங்கு நிலையில் விட்டால் மதர்போர்டு தேவைக்கு மேல் தாராளமாகக் கொடுத்துவிடும் என்பதால், அதை நீங்களே நிர்ணயிக்க வேண்டும். பெருக்கியை ஒவ்வொரு படியாக உயர்த்தி ஒவ்வொரு முறையும் சோதியுங்கள். கணினி தடுமாறினால் 0.01 அல்லது 0.02 வோல்ட் மட்டும் கூட்டி மீண்டும் முயலுங்கள். வழக்கமான கடும் வேலையில் 85 முதல் 90 டிகிரியைத் தொட்டதும் நின்றுவிடுவது என் வழக்கம். வெயில்நாளுக்கும் சேரும் தூசுக்கும் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கட்டும். சுமையின்போது மின்னழுத்தம் சரிவதை ஈடுசெய்யும் லோட் லைன் காலிபரேஷனை நடுத்தர நிலையில் வைக்கவும். உச்ச நிலையில், சுமை விலகும் கணத்தில் மின்னழுத்தம் அளவு மீறித் துள்ளும். ஒரு நிறுவனத்தின் மதர்போர்டில் நிலை 1 மிகக் கடுமையானதாகவும் இன்னொன்றில் மிக மென்மையானதாகவும் இருப்பதால், கையேட்டைப் பார்க்காமல் தேர்ந்தெடுக்காதீர்கள்.

ஒரே சோதனையை நம்பிவிடக் கூடாது. பிரைம்95 என்ற சோதனை மென்பொருள் செயலியின் வெப்பத்தை உச்சத்துக்குக் கொண்டுசெல்லும். ஆனால் அதில் மணிக்கணக்கில் தாங்கிய கணினி, சும்மா இருக்கும்போதோ ஒரு விளையாட்டின் நடுவிலோ விழுந்துவிடுவதுண்டு. விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் டபிள்யூஹெச்இஏ என்ற பெயரில் வன்பொருள் பிழைகள் பதிவாகியிருந்தால், திரை உறையாவிட்டாலும் உங்கள் அமைப்பு நிலையற்றதே. மின்னழுத்தம் போதாதபோது சில செயலிகள் காகிதத்தில் உயர்ந்த வேகத்தைக் காட்டிக்கொண்டே உள்ளுக்குள் மெதுவாக இயங்கும். மதிப்பெண் இறங்கியிருப்பதுதான் அதற்கான அடையாளம். நிலையற்ற கணினி கோப்புகளைச் சிதைக்கக்கூடும் என்பதால், தொடங்கும் முன்பே முக்கியக் கோப்புகளுக்கு நகல் எடுத்துவைக்கவும். கணினி எழவே மறுத்தால், மின் இணைப்பைத் துண்டித்து மதர்போர்டில் பயாஸ் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் சீமாஸ் நினைவகத்தை அழித்துவிட்டால் பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பும்.

இவ்வளவு சொன்ன பிறகும், அண்மைக்காலச் செயலிகளுக்கு மின்னழுத்தத்தைக் குறைப்பதே பல வேளைகளில் மேலான வழி என்பது என் கருத்து. அவை ஆலையிலிருந்து வரும்போதே தம் எல்லையை ஒட்டி இயங்குகின்றன. ரைசன் 9 5950எக்ஸ் ஒற்றை மைய (கோர்) வேலையில் 4.9 கிகாஹெர்ட்ஸ் வரை தானாகவே எட்டும்; எல்லா மையங்களையும் 4.5இல் நிலைநிறுத்தினால் அந்த உயரத்தை இழந்துவிடுவீர்கள். அதற்குப் பதில், பயாஸில் ஏஎம்டியின் பிரிசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவின் கீழுள்ள, மின்னழுத்தத்தைப் படிப்படியாகக் குறைக்க உதவும் கர்வ் ஆப்டிமைசரில் எல்லா மையங்களுக்கும் எதிர்மறை 10 கொடுத்துச் சோதித்து, நிலையாக இருந்தால் 15, 20 என்று இறங்கிச் செல்லலாம். மிகச் சிறந்த மையங்கள் ஏற்கெனவே குறைந்த மின்னழுத்தத்தில் இயங்குவதால் அவற்றுக்கு இறங்கும் இடம் குறைவு. அவற்றுக்கு மட்டும் தனியே குறைப்பைத் தளர்த்திவிடுங்கள். வெப்பம் குறையும்போது செயலி தானே வேகத்தைக் கூட்டிக்கொள்ளும்.

பயாஸைப் புதுப்பிக்கும்போது இந்த அமைப்புகள் பெரும்பாலும் அழிந்துவிடும். ஆகவே திரைகளைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புதிய பயாஸில் பழைய எண்களை அப்படியே இட்டுவிட்டு விலகாமல், சோதனைகளை மறுபடியும் ஓட்டிப் பாருங்கள்.