20 நிமிட வேக நடை கவனத்தைக் கூட்டுகிறதா? வீட்டிலேயே சோதிக்கும் முறை

பரீட்சை நெருங்கினால் பிள்ளைகளின் விளையாட்டு நேரத்தில்தான் முதலில் கை வைக்கிறோம். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. 2009-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் ஹில்மன் குழு, சுமார் 9 வயதுப் பிள்ளைகளை டிரெட்மில்லில் 20 நிமிடம் நடக்கவைத்தது. கவனச் சிதறலை அடக்கவேண்டிய சோதனையில், சும்மா உட்கார்ந்திருந்த நாளைவிட நடந்த நாளில் சரியான விடைகள் கூடின. உங்கள் பிள்ளையிடமும் பார்த்துவிடலாம்.

1. நாலு நிற ஸ்கெட்ச் பேனாக்கள். 'சிவப்பு' என்ற சொல்லைப் பச்சையில், 'நீலம்' என்பதைச் சிவப்பில், இப்படி 40 சொற்கள் எழுதுங்கள். சொல்லை விட்டுவிட்டு மையின் நிறத்தைச் சொல்லவேண்டும். 1935-இல் உளவியலாளர் ஸ்ட்ரூப் வெளியிட்ட சோதனை இது. ஆப்களும் உண்டு, என் ஓட்டு தாளுக்கே. நடுவில் ஒரு நோட்டிஃபிகேஷன் வந்தாலும் கணக்கு கெட்டுவிடும்.

2. எல்லாரும் சறுக்கும் இடம் இதுதான். இரண்டாம் முறை செய்யும்போது, நடக்காவிட்டாலும் 40 நிறங்களையும் சொல்லி முடிக்கும் நேரம் குறையும். அது வெறும் கைப்பழக்கம். அதை நடையின் பலன் என்று எண்ணிவிடுவோம். ஆகவே வினாடிகள் குறைவது நிற்கும்வரை முதலில் பழகவிடுங்கள். வரிசை மாற்றிய தாள்கள் பல வேண்டும். ஒரே தாள் என்றால் மனப்பாடமாகிவிடும். பிறகு ஒருநாள் நடை, மறுநாள் அதே நேரத்தில் 20 நிமிடம் உட்கார்ந்திருத்தல். இந்த 'உட்காரும் நாள்' இல்லாமல் ஒப்பிட எதுவுமே இல்லை.

3. நடை: பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. 220-இல் வயதைக் கழித்து அதில் 60% என்பது இதயத்துடிப்புக்கு நல்ல குறி. 15 வயதுக்கு 123.

4. மூச்சு அடங்கியபின் சோதியுங்கள். வினாடி, தவறு இரண்டையும் குறியுங்கள். வித்தியாசம் சிறியதாகவே இருக்கும். பல நாள் சராசரியைப் பாருங்கள்.

பின்சேர்க்கை: 20 நிமிடம் கிடைக்காது என்று சிலர் எழுதியிருந்தார்கள். 20 வினாடி துள்ளல், 10 வினாடி ஓய்வு என்று 8 சுற்று, மொத்தம் 4 நிமிடம். கனடாவில் 9–11 வயது மாணவர்களிடம் 2015-இல் வெளியான ஆய்வில் இதற்கும் கவனம் கூடியது.

இன்னொன்று: சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாத பிள்ளைக்கு என்ன செய்வது? நிறத்துக்குப் பதில் எண். எந்த எண் என்பதை விட்டுவிட்டு, அது எத்தனை முறை இருக்கிறது என்று சொல்லவேண்டும். '222' என்று எழுதியிருந்தால் 'மூன்று' என்று சொல்லவேண்டும், '44' என்றால் 'இரண்டு'. மற்றதெல்லாம் அப்படியே.