டினியன் தீவின் நார்த் ஃபீல்டை எந்த வரிசையில் பார்ப்பது

பசிபிக் கடலில் இருக்கும் டினியன் தீவின் வடக்கே, இரண்டாம் உலகப் போரில் ஹிரோஷிமாவுக்கும் நாகசாகிக்கும் அணுகுண்டு கிளம்பிய அமெரிக்க விமானத் தளம்தான் நார்த் ஃபீல்ட். டினியனுக்கு வருகிறவர்களில் பலர் நேராக அங்கே குண்டை விமானத்தில் ஏற்றிய அணுகுண்டுக் குழிக்கு வண்டியை விடுகிறார்கள், படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். ஒரு முழு நாளை ஒதுக்கி, குழியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்துத் தீவான சைப்பானிலிருந்து சின்ன விமானத்தில் கால் மணி நேரம்தான். டினியனின் ஊரான சான் ஹோசேயில் கார் எடுக்கும்போதே தண்ணீர், சாப்பாடு எல்லாம் வாங்கிவிடுங்கள். வடக்கே கடை கிடையாது. வடக்கு நோக்கி நேராக ஓடும் சாலைக்குப் பெயர் பிராட்வே. தீவின் வடிவம் மன்ஹாட்டனைப் போல இருக்கிறதென்று அமெரிக்கப் படையினர் வைத்த பெயர்.

முதலில் வடமேற்குக் கரைக்குப் போங்கள். அங்கே இரண்டு சின்னக் கடற்கரைகள்: உனாய் பாபுய் 60 மீட்டர் அகலம்கூட இல்லை, உனாய் சுலு 150 மீட்டருக்குள். தீவு ஜப்பானியர் கையில் இருந்த 1944 ஜூலை 24 அன்று அமெரிக்கர்கள் தெற்கே டினியன் டவுன் பக்கம் இறங்குவதுபோலப் போக்குக் காட்டிவிட்டு, இந்த இரண்டு சந்துகள் வழியாக ஒரே நாளில் 15,000க்கும் மேற்பட்ட வீரர்களை இறக்கினார்கள். மணலில் நின்று பார்த்தால்தான் அந்தத் துணிச்சல் புரியும்.

அடுத்து ஜப்பானியர் விட்டுப்போன விமானத் தளக் கட்டடங்கள். கான்கிரீட் பிய்ந்து கம்பி தொங்கும். இங்கே அவசரப்படாதீர்கள். போருக்கு முன் தீவின் பெரும்பகுதி கரும்புத் தோட்டம். ஒகினாவாவிலிருந்தும் கொரியாவிலிருந்தும் வந்த குடும்பங்கள் வாழ்ந்த ஊர் இது. ஆகஸ்ட் 1இல் தீவு அமெரிக்கர்களிடம் விழுந்த பிறகு 10,000க்கும் மேற்பட்ட பொதுமக்கள் அவர்களுடைய சுரோ முகாமில் அடைபட்டார்கள். இந்தப் பொதுமக்களைத் தெரிந்துகொள்ளாமல் ஓடுபாதைக்குப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்புறம் ஓடுபாதைகள். மொத்தம் நான்கு, ஒவ்வொன்றும் சுமார் 2.6 கிலோமீட்டர். அமெரிக்கக் கடற்படையின் கட்டுமானப் பிரிவான சீபீஸ், தீவின் பவளப்பாறையையே உடைத்துப் பரப்பி, மேலே தார் போட்டது. தார் பெயர்ந்த இடத்தில் குனிந்து பாருங்கள், வெள்ளைப் பவளக்கல் தெரியும். 1945 மார்ச் 9 இரவு டோக்கியோவை எரிக்கப் போன பி-29 குண்டுவீச்சு விமானங்களில் ஒரு பகுதி இங்கிருந்துதான் கிளம்பியது. அந்த ஒரே தாக்குதலில் ஏறத்தாழ 1 லட்சம் பேர் செத்தார்கள். அணுகுண்டு வருவதற்கு முன்பே இந்தத் தளம் என்ன செய்துகொண்டிருந்தது என்பதை மனதில் வாங்கிக்கொண்டு மேலே நடங்கள்.

இப்போது குழிகள். இரண்டு இருக்கின்றன, மேலே கண்ணாடிக் கூரை. 4 டன்னுக்கும் மேலான குண்டை வண்டியோடு பி-29இன் வயிற்றுக்கடியில் தள்ள உயரம் போதவில்லை. அதனால் குண்டைக் குழிக்குள் இறக்கி, விமானத்தைப் பின்னோக்கி மேலே நிறுத்தி, ஹைட்ராலிக் தூக்கியால் ஏற்றினார்கள். ஆகஸ்ட் 6 அதிகாலை 2:45க்கு எனோலா கே என்ற பி-29, ஏபிள் என்ற ஓடுபாதையிலிருந்து ஹிரோஷிமாவுக்குக் கிளம்பியது. ஆகஸ்ட் 9 அன்று பாக்ஸ்கார் என்ற இன்னொரு பி-29 இரண்டாவது குண்டோடு போனது, நாகசாகிக்கு.

புதருக்குள் கிடக்கும் எந்த இரும்பையும் தொடாதீர்கள், வெடிக்காத குண்டுகள் இன்னும் கிடைக்கின்றன. அமெரிக்க விமானப்படை இந்தத் தளத்தில் மறுபடி காடு வெட்டிச் சீரமைக்கத் தொடங்கியிருக்கிறது. எந்தப் பகுதி மூடியிருக்கிறது என்று சான் ஹோசேயிலேயே கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.