டயர் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று கேட்பதற்கு முன்

என் பழைய காரின் முதல் நான்கு டயர்களும் 62,000 கிலோமீட்டர் ஓடின. பார்ப்பவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒரு ஜூன் மாத மழையில் பேச்சிப்பாறையிலிருந்து குலசேகரத்துக்குத் திரும்பும்போது, வளைவு ஒன்றில் பிரேக்கை மிதித்தேன். வண்டி வளையவில்லை. ரப்பர் தோட்டத்து வேலியைக் குறிவைத்து நேராகப் போய், ஒரு முழம் தள்ளி நின்றது. இத்தனைக்கும் டயர் மொட்டையாகிவிடவில்லை. சட்டம் கேட்கும் அளவுக்குச் சற்று மேலேயே இருந்தது. அதன் பிறகு நான் டயர் பார்க்கும் முறையை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். கையில் ஒரு தீக்குச்சியும் ஸ்கேலும் இருந்தால் போதும்.

1. ஆழத்தை அளங்கள்

புதிய கார் டயரில் பட்டன்களுக்கு (சாலையைத் தொடும் ரப்பர் மேடுகளுக்கு) இடையே உள்ள பள்ளம் ஏறக்குறைய 8 மி.மீ. ஆழம் இருக்கும். சுற்றி ஓடும் அந்தப் பள்ளத்துக்குள் ஆங்காங்கே குறுக்கே சிறு மேடுகள் தெரியும். அவற்றின் உயரம் 1.6 மி.மீ. பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் சட்டப்படி முடிந்தது. தீக்குச்சியைப் பள்ளத்தில் நிறுத்தி, பட்டன் மட்டத்தில் நகத்தால் அடையாளம் வைத்து ஸ்கேலில் அளங்கள். உள்ஓரம், நடு, வெளிஓரம் என மூன்று இடங்களில் அளக்க வேண்டும். இரு ஓரங்களும் தேய்ந்திருந்தால் காற்று குறைவாக ஓட்டியிருக்கிறீர்கள். நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஒரே ஓரம் என்றால் வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும்.

இனி என் கருத்து: 1.6 வரை காத்திருக்காதீர்கள். டயருக்கும் தாருக்கும் நடுவே வரும் தண்ணீரை வெளியேற்றுவதுதான் பள்ளத்தின் வேலை. பள்ளம் குறையக் குறைய, வேகத்தில் டயர் தண்ணீரின் மேல் மிதக்கத் தொடங்கும். காய்ந்த சாலையில் இந்த வித்தியாசமே தெரியாது என்பதுதான் ஆபத்து. ஜூனில் ஒரு பருவமழை, அக்டோபரில் இன்னொன்று என இரண்டையும் வாங்கிக்கொள்ளும் மாவட்டம் நம் கன்னியாகுமரி. நான் 3 மி.மீ. வந்ததும் மாற்றிவிடுகிறேன்.

2. வயதைப் பாருங்கள்

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள் வீட்டு போர்ட்டிகோவில் நிற்கும் கார்களுக்கு இது முக்கியம். விடுமுறைக்கு வரும்போது மட்டும் ஓடுவதால் பட்டன் புதிதுபோல இருக்கும். ரப்பர் மட்டும் இறுகி, பக்கவாட்டில் மெல்லிய வெடிப்பு விட்டிருக்கும். அந்த டயருக்கு ஆயுள் மீதி இருப்பதுபோலத் தோன்றும், பிடிப்பு இருக்காது. ஐந்து வயது தாண்டினால் ஆண்டுக்கொரு முறை நல்ல கடையில் காட்டுங்கள். பத்து வயதானால் பட்டன் எப்படி இருந்தாலும் கழற்றிவிட வேண்டியதுதான். ஸ்டெப்னிக்கும் இதே கணக்கு.

3. புதியதைத் தேர்ந்தெடுங்கள்

ஆயுளுக்கும் பிடிப்புக்கும் இடையே இங்கேதான் பேரம். மென்மையான ரப்பர் சாலையின் சொரசொரப்பில் பதிந்து நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். கடினமான ரப்பர் நெடுநாள் உழைக்கும், ஈரத்தில் வழுக்கும். சிலிக்கா கலந்த நவீன டயர்கள் இரண்டையும் ஓரளவு சமாளிக்கின்றன. ஆனாலும் முழுதாக அல்ல. (நம் ஊர் ரப்பர் ஷீட்டைப் பற்றிப் பெருமைப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி: கார் டயரில் சாலையைத் தொடும் பகுதி பெரும்பாலும் செயற்கை ரப்பர்தான்.)

பல டயர்களில் ‘ட்ரெட்வேர்’ என்று ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். அமெரிக்க அரசின் முறை அது. 100 என்பது ஒப்பீட்டு டயர். 400 என்றால் சோதனைப் பாதையில் அதைப்போல நான்கு மடங்கு மெதுவாகத் தேய்ந்தது என்று பொருள். 400ஐ கிலோமீட்டராக மாற்றிக் கணக்குப் போடாதீர்கள். ஒரு நிறுவனத்தின் எண்ணை இன்னொரு நிறுவனத்தோடு ஒப்பிடுவதும் சரிவராது. பக்கத்திலேயே ‘ட்ராக்‌ஷன்’ என்று ஏஏ, ஏ, பி, சி என நான்கு தரங்களில் ஒன்று இருக்கும். அது ஈரச் சாலையில் நேராகப் போகும்போது பிரேக் பிடிக்கும் திறன் மட்டுமே. வளைவில் எப்படி நிற்கும் என்று அது சொல்லாது. நாகர்கோவிலுக்குள் அலுவலகம் போய்வருகிறவருக்கு அதிக ட்ரெட்வேர் எண் போதும். பேச்சிப்பாறை, பாலமோர் பக்கம் வாரந்தோறும் ஏறி இறங்குகிறவர் சில ஆயிரம் கிலோமீட்டரை விட்டுக்கொடுத்து, ஈரப் பிடிப்புள்ளதை வாங்குவது நல்லது.

4. பராமரிப்பு

ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுப்படி, வண்டி சூடாவதற்கு முன் காற்று பிடியுங்கள். 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின் மாற்றிப் போடுங்கள்.

பணம் இரண்டு டயருக்கு மட்டும் இருந்தால், புதியவற்றைப் பின்னால் போடச் சொல்லுங்கள். “இழுக்கிற சக்கரம் முன்னாலதான அண்ணாச்சி, புதுச அங்க போட்டாத்தான நல்லது?” என்று கடைக்காரர் தடுப்பார். மழையில் முன்சக்கரம் வழுக்கினால் வண்டி நேராகப் போகும். வேகம் குறைந்தால் மீண்டும் பிடித்துக்கொள்ளும். பின்சக்கரம் வழுக்கினால் வண்டி பம்பரமாகச் சுற்றும். இதை அவருக்கு விளக்க எனக்கு இரண்டு டீ செலவானது.