அம்பாசடரில் ஒழுகிய தண்ணீர்: என் அனுபவம்

என்னிடம் இருப்பது 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் போட்ட பழைய அம்பாசடர். வாரத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் ஈரமாக இருந்ததால் அதையும் கிளாம்பையும் மாற்றினேன். பணம் போனதுதான் மிச்சம்.

எஞ்சின் ஓடும்போது தேடியதுதான் என் தப்பு. ஃபேன் காற்று சொட்டை எங்கெங்கோ வாரி அடித்துவிடும். முதலில் எஞ்சின் ஆயிலின் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கைப் பார்த்தேன். ஆயிலில் தண்ணீர் கலந்த பால் நிறம் இல்லை, ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) போயிருக்குமோ என்ற பயம் ஓரளவு குறைந்தது. அப்புறம் எஞ்சினை ஆறவைத்து, நன்றாகத் துடைத்து, ரேடியேட்டர் வாயில் காற்றழுத்தம் ஏற்றி ஒழுகலைக் காட்டும் பிரஷர் டெஸ்டரை மாட்டினேன். ரேடியேட்டர் மூடியில் பொறித்திருந்த அழுத்தத்துக்கு மேல் ஏற்றவில்லை. பத்து நிமிடத்தில் வாட்டர் பம்ப்பின் அடியிலுள்ள சிறு துளையில் ஒரு சொட்டு தொங்கியது. உள்ளே சீல் தேய்ந்தால் தண்ணீர் வெளியேறத்தான் அந்தத் துளை. அதை எம்-சீல் வைத்து அடைக்கச் சொன்னார் ஒருவர். அடைத்தால் தண்ணீர் பேரிங்கைத் தின்றுவிடும். ஃபேன் மாட்டியிருப்பது பம்ப்பின் ஷாஃப்டில்தான்; ஃபேனைப் பிடித்து ஆட்டினால் அந்த ஷாஃப்டிலும் ஆட்டம் இருந்தது.

சரி, பம்ப்பையே மாற்றிவிட்டேன். கழற்றுவது சுலபம், பழைய கேஸ்கெட்டைச் சுரண்டத்தான் ஒரு மணி நேரம் ஆனது. பழைய பம்ப் முழுக்கத் துரு. இத்தனை வருடம் போர் தண்ணீர் ஊற்றியது நான்தான். பெல்ட்டை நடுவில் அழுத்தினால் அரை அங்குலம் இறங்கும்படி வைத்து, கூலன்ட்டும் டிஸ்டில்ட் வாட்டரும் பாதிக்குப் பாதி ஊற்றினேன். மறுநாள் காலை கீழே விரித்த அட்டை காய்ந்தே இருந்தது.