ஆண்டி ராபர்ட்சன் கதையில் அடிக்கடி நடக்கும் தவறுகள்

ஸ்காட்லாந்து கேப்டன் ஆண்டி ராபர்ட்சனைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறார்கள். 2012 ஆகஸ்டில் 18 வயதுப் பையன் ஒருவன், கையில் காசில்லை, வேலை வேண்டும் என்று ட்விட்டரில் புலம்புகிறான். அடுத்த பத்தியிலேயே 2019-இல் மாட்ரிட்டில் லிவர்பூல் அணியோடு சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கிவிடுகிறான். ட்வீட்டும் உண்மை, கோப்பையும் உண்மை. ஆனால் நடுவில் ஏழு வருஷம் காணாமல் போகிறது. ஒரு லெஃப்ட் பேக் (இடப்பக்கத் தடுப்பாட்டக்காரர்) எப்படி உருவானார் என்று புரிந்துகொள்ளத் தேவையான எல்லாமே அந்த ஏழு வருஷத்தில்தான் கிடக்கிறது. அதைத் தாண்டிக் குதிப்பதுதான் முதல் தவறு. மற்ற பல தவறுகள் அதிலிருந்தே கிளைக்கின்றன.

அந்த ட்வீட் வந்தபோது அவர் கால்பந்தை விட்டு ஒதுங்கி நின்றவர் இல்லை. கிளாஸ்கோவின் குயின்ஸ் பார்க் கிளப்பில் ஆடிக்கொண்டிருந்தார். பிறகு ஏன் காசில்லை? குயின்ஸ் பார்க் அப்போது அமெச்சூர் கிளப். ஆடுபவர்களுக்குச் சம்பளம் கிடையாது. 1867-இல் தொடங்கிய, ஸ்காட்லாந்தின் மிகப் பழைய கிளப் அது. 1872-இல் கிளாஸ்கோவில் ஒரு கிரிக்கெட் மைதானத்தில் நடந்த உலகின் முதல் அதிகாரபூர்வ சர்வதேசக் கால்பந்து ஆட்டத்தில் ஸ்காட்லாந்து சார்பில் இறங்கிய அத்தனை பேரும் குயின்ஸ் பார்க் ஆட்கள்தான். ஆட்டத்துக்காகவே ஆடுவது என்பது அவர்கள் கொள்கை. 2019-இல்தான் அந்த அமெச்சூர் முறையைக் கைவிட்டார்கள். ஆகவே ராபர்ட்சன் பகலில் ஹாம்ப்டன் பார்க் மைதானத்தில் டிக்கெட் கேட்டு வரும் தொலைபேசி அழைப்புகளை எடுத்ததும், மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடையில் வேலை பார்த்ததும் அந்தக் கிளப்பில் ஆடுபவருக்கு வியப்பான விஷயமே இல்லை. அங்கே ஆட வேண்டுமென்றால் பிழைப்புக்கு இன்னொரு வேலை வேண்டும், அவ்வளவுதான்.

இதே இடத்தில் இன்னொரு சறுக்கலும் நடக்கும். அந்த 2012-13 சீசனில் குயின்ஸ் பார்க் ஆடியது தேர்ட் டிவிஷனில். பெயரைப் பார்த்து 'மூன்றாம் நிலை லீக்' என்று எழுதிவிடுகிறார்கள். அப்போது எல்லாவற்றுக்கும் மேலே பிரீமியர் லீக் தனியாக இருந்தது. அதற்குக் கீழேதான் ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட் என்று வரிசை போகும். ஆக, தேர்ட் டிவிஷன் என்பது நான்காவது படி, கடைசிப் படி. அடுத்த வருஷமே பெயர்களை மாற்றிவிட்டார்கள். இன்று அதே நான்காவது படிக்கு லீக் டூ என்று பெயர். பழைய பெயரையும் புதிய பெயரையும் கலந்து எழுதினால் ஒரே அணி எங்கெங்கோ ஏறி இறங்கியது போலத் தோன்றும்.

இன்னொன்றும் உண்டு. நிதி நெருக்கடியில் கவிழ்ந்து கடைசிப் படியிலிருந்து மறுபடி தொடங்கிய ரேஞ்சர்ஸ் அணி, சரியாக அந்த வருஷம் அதே லீக்கில் இருந்தது. 2012 டிசம்பரில் ஹாம்ப்டனில் நடந்த குயின்ஸ் பார்க், ரேஞ்சர்ஸ் ஆட்டத்துக்கு 30,000 பேருக்கு மேல் வந்தார்கள். சாதாரண வாரங்களில் சில நூறு பேர் மட்டுமே உட்கார்ந்திருக்கும் மைதானம் அது. 'யாரும் பார்க்காத மூலையில் கிடந்த வைரம்' என்றெல்லாம் உருகி எழுதுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்வது நல்லது. ஸ்காட்லாந்தின் கடைசி லீக்கை அவ்வளவு பேர் கவனித்த வருஷம் வேறு இருக்குமா என்பது சந்தேகம்தான்.

செல்டிக்கை முட்டாளாக்குவது

கிளாஸ்கோவின் பெரிய கிளப்பான செல்டிக், இளம் வீரர்களுக்கான தன் அகாடமியிலிருந்து அவரை 15 வயதில் விடுவித்தது. உடல் சிறிது என்பது காரணம். இதை வைத்து செல்டிக்கைக் கேலி செய்யாத கட்டுரையே இல்லை. எனக்கு இது கொஞ்சம் அநியாயமாகவே படுகிறது. 15 வயதில் வளர்ச்சி ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வேகத்தில் நடக்கிறது. அகாடமிகள் வருஷாவருஷம் பல பையன்களை அனுப்பிவிடுகின்றன. அவர்களில் பெரும்பாலோர் பெயர் நமக்குத் தெரிய வராது. ஒருவர் திரும்பி வந்து ஜெயித்ததை வைத்து அந்த முடிவை அளப்பது முடிவு தெரிந்த பின் சொல்லும் தீர்ப்பு. உடல் அளவைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது தவறான பழக்கம் என்று வாதிடலாம், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். அந்த வாதத்துக்கு ராபர்ட்சன் ஒருவரே போதுமான ஆதாரம் ஆகிவிட மாட்டார்.

செல்டிக் பார்க் மைதானம் அவர் கதையில் திரும்பத் திரும்ப வருவது வேறு வேடிக்கை. 2014 ஸ்காட்டிஷ் கோப்பை இறுதி ஆட்டம் அங்கேதான் நடந்தது, ஏனென்றால் ஹாம்ப்டனைக் காமன்வெல்த் போட்டிக்காகத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். அதே வருஷம் நவம்பரில் இங்கிலாந்துக்கு எதிராக நாட்டுக்கான தன் முதல் கோலை அவர் அடித்ததும் அங்கேதான். இரண்டு ஆட்டத்திலும் அவர் அணி தோற்றது.

பெயர்க் குழப்பங்கள்

அந்த இறுதி ஆட்டத்தில் அவர் ஆடியது டண்டீ யுனைடெட் அணிக்கு. டண்டீ என்று மட்டும் எழுதினால் அது வேறு கிளப். இரண்டு கிளப்புகளின் மைதானங்களும் ஒரே தெருவில், நடந்தே போகிற தூரத்தில் இருப்பதால் வெளியூர்க்காரர்களுக்குக் குழப்பம் வருவது இயல்புதான். ஆனால் டண்டீ ரசிகரிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.

2014 இறுதியில் செயின்ட் ஜான்ஸ்டன் 2-0 என ஜெயித்தது. ஆக, ஸ்காட்டிஷ் கோப்பை ராபர்ட்சன் கைக்கு வரவில்லை. அவர் வென்றது 2022-இல் லிவர்பூலோடு எஃப்ஏ கோப்பை, அது இங்கிலாந்தின் போட்டி. அந்த இறுதியில் செல்சிக்கு எதிராகக் கடைசிப் பெனால்டியைப் போட்ட லெஃப்ட் பேக் சிமிகாஸ். கூடுதல் நேரத்தில் ராபர்ட்சனுக்குப் பதிலாக உள்ளே வந்தவர் அவர்.

'இங்கிலாந்து வீரர்' என்று எழுதுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இங்கிலாந்து லீக்கில் ஆடுகிறார், ஸ்காட்லாந்துக்கு ஆடுகிறார். இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. ஸ்காட்லாந்துக்கு ஆடும் எல்லோரும் ஸ்காட்லாந்தில் பிறந்தவர்கள் என்று எண்ணிவிடுகிறார்கள். ராபர்ட்சன் கிளாஸ்கோவில் பிறந்தவர். அவரோடு இடப்பக்கம் ஆடும் கீரன் டியர்னி ஐல் ஆஃப் மேன் தீவில் பிறந்தவர், ஸ்காட் மக்டாமினே இங்கிலாந்தின் லங்காஸ்டரில் பிறந்தவர்.

ஹல் சிட்டியைத் தோல்விக் கணக்கில் போடுவது

டண்டீ யுனைடெடில் ஒரே ஒரு சீசன். அதற்குள் ஸ்காட்லாந்தின் சிறந்த இளம் வீரர் விருது, 2014 மார்ச்சில் போலந்துக்கு எதிராக நாட்டுக்காக முதல் ஆட்டம். அந்தக் கோடையில் சுமார் 28.5 லட்சம் பவுண்டுக்கு ஹல் சிட்டி வாங்கியது. அங்கே மூன்று வருஷம் இருந்தார். 2015-இல் ஹல் கீழ் லீக்குக்கு இறங்கியது, 2016-இல் பிளே-ஆஃப் என்ற கூடுதல் தகுதி ஆட்டங்கள் வழியாக மேலே வந்தது, 2017-இல் மறுபடி இறங்கியது.

இதைப் பார்த்து, 'இரண்டு முறை கீழே இறங்கிய அணியின் தடுப்பாட்டக்காரர், எப்படியோ லிவர்பூலில் இடம் பிடித்தார்' என்று எழுதுகிறார்கள். அணியின் நிலையையும் ஆளின் ஆட்டத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பும் தவறு இது. தோற்றுக்கொண்டே இருக்கும் அணியில் லெஃப்ட் பேக்குக்கு ஓய்வே இருக்காது. வாராவாரம் தன்னைவிட வேகமான விங்கர்களை, அதாவது ஓரத்தில் ஓடித் தாக்குபவர்களை, சமாளிக்க வேண்டும், பந்து கிடைத்ததும் மேலே ஓட வேண்டும், பறிபோனால் அதே வேகத்தில் திரும்ப வேண்டும். கற்றுக்கொள்ள அதைவிடக் கடினமான பள்ளிக்கூடம் கிடைக்காது. 2014-இல் அவரோடு ஹல்லில் சேர்ந்த இன்னொரு இளம் தடுப்பாட்டக்காரர் ஹாரி மகுவயர். அவரும் 2017-இல் அணி இறங்கியதும் பெரிய லீக்கிலேயே வேறு கிளப்புக்குப் போனார். அணி முங்கினால் எல்லோரும் முங்குவதில்லை.

லிவர்பூல் கொடுத்தது முதலில் 80 லட்சம் பவுண்டு. அந்தக் காலத்து விலைகளில் அது சில்லறை. 'மலிவு விலையில் அடித்த அதிர்ஷ்டம்' என்று சொல்வது எளிது. விலை ஏன் குறைந்தது என்று யோசித்தால், கீழே இறங்கிய கிளப் வீரர்களை விற்றாக வேண்டிய கட்டாயத்தில் இருந்தது என்பது தெரியும்.

காத்திருந்த மாதங்கள்

2017 ஆகஸ்டில் கிறிஸ்டல் பேலஸுக்கு எதிராக லிவர்பூலுக்கு முதல் ஆட்டம். நன்றாகவே ஆடினார். அப்புறம்? டிசம்பர் வரை பெரும்பாலும் பெஞ்ச்தான். அந்த இடத்தில் அல்பெர்டோ மொரேனோ ஆடிக்கொண்டிருந்தார். டிசம்பர் தொடக்கத்தில் ஸ்பார்டக் மாஸ்கோ ஆட்டத்தில் மொரேனோவுக்குக் காயம். கதவு அப்போதுதான் திறந்தது. கதை சொல்பவர்கள் இந்த நான்கு மாதத்தை ஒரு வரியில் முடித்துவிட்டு, 2018 ஜனவரி 14-க்குத் தாவிவிடுகிறார்கள்.

அன்று மான்செஸ்டர் சிட்டியை லிவர்பூல் 4-3 என வென்றது. அந்த சீசன் லீக்கில் சிட்டிக்கு முதல் தோல்வி. இடப்பக்கத்திலிருந்து கிளம்பிய ராபர்ட்சன் ஒருவர் பின் ஒருவராகச் சிட்டி வீரர்களை விரட்டிக்கொண்டு கோல்கீப்பர் வரை ஓடிய ஓட்டத்தை இன்றும் பகிர்கிறார்கள். அந்த வீடியோவைக் கடைசி வரை பாருங்கள். அது ஃபவுலில் முடிகிறது. பந்து கிடைக்கவில்லை, சிட்டிக்கு ஃப்ரீ கிக். மைதானம் அதிர்ந்தது என்னவோ நிஜம். ஆனால் லெஃப்ட் பேக் இடத்தை விட்டு அவ்வளவு தூரம் ஓட முடிந்ததற்குக் காரணம், பயிற்சியாளர் யுர்கன் கிளாப் கட்டமைத்திருந்த முறை. ஒருவர் மேலே போனால் பின்னால் இடத்தை மற்றவர்கள் அடைக்க வேண்டும். அதை வெறும் மன உறுதி என்று மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். பள்ளி அணியில் இதைப் பார்த்துவிட்டு ஒரு பையன் தன் இடத்தை விட்டு ஓடினால், எதிரணி அவன் பின்னாலேயே கோல் போட்டுவிடும்.

அசிஸ்ட் எண்ணிக்கையால் அளப்பது

2018-19 இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் ராபர்ட்சன் 11 அசிஸ்ட் (சக வீரரின் கோலுக்கு வழிவிட்ட கடைசிப் பாஸ்), வலப்பக்கம் டிரென்ட் அலெக்சாண்டர்-ஆர்னால்ட் 12. அடுத்த சீசனில், லிவர்பூல் 99 புள்ளிகளோடு பட்டம் வென்றபோது, 12-ம் 13-ம். 2022 டிசம்பர் 26-இல் லெய்டன் பெய்ன்ஸின் 53-ஐத் தாண்டி, பிரீமியர் லீக்கில் அதிக அசிஸ்ட் கொடுத்த தடுப்பாட்டக்காரர் ஆனார் ராபர்ட்சன். பின்னர் டிரென்ட் அவரை முந்தினார்.

கேட்கப் பிரமாதமாக இருக்கிறது. இந்த எண்களை மட்டும் பார்த்தால் ஒரு விங்கரைப் பற்றிப் பேசுவது போல இருக்கும். அசிஸ்ட் கணக்கில் ஏற, கிராஸைப் பெறுபவர் கோல் போட வேண்டும். முன்னால் சலா, மானே, ஃபிர்மினோ இருந்த அணி அது. தடுத்த பாஸ், எதிராளியை வெளிப்பக்கம் தள்ளிய நடை, சென்டர் பேக் (நடுத் தடுப்பாட்டக்காரர்) வான் டைக்குக்குப் பக்கத்தில் சரியான தூரத்தில் நின்றது, இவற்றுக்கெல்லாம் அந்த அட்டவணையில் கட்டம் கிடையாது.

இணையத்தில் அவர் பக்கத்தின் ஓரத்துப் பெட்டியில் இருக்கும் ஆட்ட எண்ணிக்கையிலும் கவனம் வேண்டும். விக்கிப்பீடியா மாதிரி இடங்களில் அது லீக் ஆட்டங்களுக்கு மட்டும். கோப்பை ஆட்டங்களும் ஐரோப்பிய ஆட்டங்களும் அதில் சேராது. அந்த எண்ணை எடுத்து 'லிவர்பூலுக்காக மொத்தம்' என்று போட்டுவிட்டால் பெரிய பிழை.

பார்சிலோனா இரவையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 2019 மே 7, சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் 3-0 பின்தங்கியிருந்த லிவர்பூல், ஆன்ஃபீல்டில் 4-0 என்று வென்றது. அந்த மீட்சியை முழுக்க ஆடியவர் போல ராபர்ட்சனை எழுதுகிறார்கள். சுவாரெஸின் கால் பட்டுக் காயமடைந்து பாதி ஆட்டத்தோடு அவர் வெளியேறினார். மில்னர் லெஃப்ட் பேக் இடத்துக்கு நகர, ராபர்ட்சனுக்குப் பதிலாக வந்த வைனால்டம் வந்த சூட்டோடு இரண்டு கோல் போட்டார்.

நாட்டுக்காக ஆடியதை எடை போடுவது

லிவர்பூலின் பழைய ஸ்காட்லாந்துத் தடுப்பாட்டக்காரர் ஆலன் ஹான்சனை நினைத்துப் பாருங்கள். 1977-இல் பார்ட்டிக் திஸ்லிலிருந்து லிவர்பூலுக்கு வந்து 8 லீக் பட்டம், 3 ஐரோப்பியக் கோப்பை (இன்றைய சாம்பியன்ஸ் லீக்). நாட்டுக்காக ஆடியது 26 ஆட்டம் மட்டும். 1986 உலகக் கோப்பைக்கு அப்போதைய ஸ்காட்லாந்துப் பயிற்சியாளர் அலெக்ஸ் ஃபெர்குசன் அவரை எடுக்கவே இல்லை. காரணம் அதே இடத்துக்குப் போட்டியில் நின்ற ஜோடி: அபெர்டீனின் வில்லி மில்லருக்கு 65 ஆட்டம், அலெக்ஸ் மக்லீஷுக்கு 77. 1983-இல் ரியல் மாட்ரிட்டை இறுதியில் வீழ்த்தி கப் வின்னர்ஸ் கப் என்ற வேறொரு ஐரோப்பியக் கோப்பையை வாங்கிய ஜோடி அது. கேப் எண்ணிக்கை (நாட்டுக்காக ஆடிய ஆட்டக் கணக்கு) ஒருவரின் தரத்தை மட்டும் காட்டுவதில்லை, அந்தக் காலத்தில் அதே இடத்துக்கு யார் யார் நின்றார்கள் என்பதையும் காட்டுகிறது.

ராபர்ட்சனுக்கும் அப்படி ஒரு நெருக்கடி வந்தது. டியர்னியும் லெஃப்ட் பேக். இரண்டு நல்ல ஆட்கள், ஒரே இடம். ஸ்காட்லாந்துப் பயிற்சியாளர் ஸ்டீவ் கிளார்க் மூன்று சென்டர் பேக் வைத்து, டியர்னியை இடப்பக்க சென்டர் பேக்காக உள்ளே இழுத்து, ராபர்ட்சனை வெளியே மேலே ஏற்றினார். ஸ்காட்லாந்துக்கும் லிவர்பூலுக்கும் அவர் ஆடுவது ஒரே மாதிரி இல்லை என்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். இடமே வேறு.

2018 செப்டம்பரில், அப்போது ஸ்காட்லாந்துப் பயிற்சியாளராக இருந்த அதே மக்லீஷ்தான் ராபர்ட்சனைக் கேப்டன் ஆக்கினார். 2024 யூரோ தொடரில் (ஐரோப்பிய நாடுகளின் போட்டி), ஜார்ஜ் யங் 48 ஆட்டங்களுக்குக் கேப்டனாக இருந்த சாதனையை அவர் தாண்டினார். அந்தத் தொடரிலும் அதற்கு முந்தையதிலும் ஸ்காட்லாந்து குரூப்போடு வீடு திரும்பியது. அதனால் அவர் கேப்டன் பதவியைத் தோல்வி என்பவர்கள், 1998-க்குப் பிறகு 22 வருஷம் எந்தப் பெரிய தொடருக்கும் ஆண்கள் அணி தகுதி பெறவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2020 நவம்பரில் பெல்கிரேடில் பெனால்டி வரை போய் செர்பியாவை வென்றுதான் அது முடிந்தது.

மறுபக்கம், 2025 நவம்பர் 18-ஐக் கேப்டனின் இரவாக மட்டும் எழுதுவதும் சரியில்லை. ஹாம்ப்டனில் டென்மார்க்கை 4-2 என வென்று ஸ்காட்லாந்து 2026 உலகக் கோப்பைக்குப் போனது. டென்மார்க்கின் முதல் கோல் பெனால்டி. அதற்குக் காரணமான ஃபவுல் ராபர்ட்சனுடையது. 90 நிமிடத்துக்குப் பின் சேர்த்த நிமிடங்களில் அணியை 3-2 என முன்னேற்றிய கோலைப் போட்டவர், மாற்று ஆளாக உள்ளே வந்த டியர்னி.